பதினேழாம் நம்பருக்கு எப்போது மருந்தடித்தீர்கள்

சரோஜா இங்கிலீஷ் வகுப்புக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து தங்கராஜுவின் வீட்டில் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் கிடைத்ததில்லை. வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தண்ணி சுட வச்சிட்டியா?" என்று கேட்பான். வச்சாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் குளிக்கப் போய்விடுவான், பாவம். அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஹேவ் யு பாய்ல்ட் த வாட்டர்? அப்படிக் கேக்கணும். எத்தன மணிக்கு வச்சன்னு கேட்டீங்கன்னா அங்க ஹேவ் வராது, டிட் போடணும்" என்பாள். மலைக்குளிரில் வெற்றுடம்போடு நின்றபடி அவன் இலக்கணம் கேட்டுக்கொண்டிருப்பான்.

இருவரும் கேமரன் மலையில் புக்கிட் எம்புன் தேயிலைத் தோட்டத்தின் இரண்டாம் டிவிஷனில், லயத்து வரிசை வீடு ஒன்றில் குடியிருப்பவர்கள். தங்கராஜு மருந்துக் கங்காணி. முதுகில் பம்பு சுமக்கும் ஒன்பது ஆட்களை வைத்துக்கொண்டு, நம்பர் நம்பராகப் பிரித்த மலைச்சரிவுகளில் தேயிலைச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பது அவன் பொறுப்பு. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வார்னிங் லெட்டர் வாங்கியதில்லை. யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவான். சரோஜா நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுப்பவள். மெஷின் பிடித்து வெட்டிய கொழுந்தை நேப்பாளத்துக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களும் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து அவள் முன்னால் இறக்குவார்கள். மழையில் நனைந்த கொழுந்து என்றால் தண்ணீர் எடைக்காகக் கொஞ்சம் கழிக்க வேண்டும். அவள் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துத்தான் கழிப்பாள். ஒரு பிடி கூடவும் கழிக்க மாட்டாள், குறையவும் விட மாட்டாள். பதினாறு வருஷமாக அவள் தராசோடு சண்டைக்கு வந்தவன் எவனும் இல்லை.

அவள் மனதில் ஓர் ஆசை விழுந்தது போன வருஷம். வெளிக்காட்டு வேலைகளைக் கணக்கெழுதும் கிராணி ராதாகிருஷ்ணன் அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னார். "எனக்கு அப்புறம் வரவனுக்கு இங்கிலீஷ் வேணும்மா. இப்பல்லாம் தேயிலையப் பரிசோதிக்க வெளியாளுங்க வரானுங்க. ரிப்போட்டெல்லாம் அதுலதான் போவணும்" என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். 'வரவன்' என்று அவர் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. லயத்திலிருந்து ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. நாற்பத்து நாலு வயதில், ஐந்தாம் படிவத்தோடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு, அவள் அதில் உட்காரத் தீர்மானித்தாள்.

தானா ராத்தாவில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடியில் சனிக்கிழமை வகுப்பு. நடத்தியவர் நீலாவதி டீச்சர், முப்பது வயதுகூட ஆகாதவர். ஹோட்டல் பணிப்பெண்கள், சமையற்காரர்கள், டாக்சி ஓட்டுபவர் ஒருவர் என்று பதினைந்து பேர். சரோஜாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, தங்கராஜு கீழே கடையில் உட்கார்ந்து தே தாரே குடித்துக்கொண்டிருப்பான். தேயிலைத் தோட்டத்துக்காரன் டவுனில் வந்து டீ குடிக்கிறான் என்று கடைக்காரர் கேலி செய்வார். இரண்டு மணி நேரம் கழித்து அவள் படியிறங்கி வரும்போது முகத்தைப் பார்த்தே அன்றைக்குப் பாடம் எப்படிப் போயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் மளமளவென்று பிடித்துக்கொண்ட சரோஜாவுக்கு இந்த ஹேவும் டிட்டும் மட்டும் வசப்படவில்லை. தமிழில் போனேன், போயிருக்கேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. யாரும் யோசிப்பதில்லை. மலாயில் ஆச்சு என்பதற்கு 'சுடா' என்று ஒரு வார்த்தையைப் போட்டால் வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரன் மட்டும் நடந்து முடிந்த ஒரு காரியத்துக்கு இரண்டு கதவு வைத்திருக்கிறான். 'ஐ ஹேவ் வெய்ட் த லீவ்ஸ் யெஸ்டர்டே' என்று எழுதுவாள். சிவப்பு மையில் கோடு விழும். மறுபடி எழுதுவாள். மறுபடி கோடு. ஒரு சனிக்கிழமை பக்கம் முழுக்கச் சிவப்பாக வந்தது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். விட்டுவிடுவாள் என்று தங்கராஜு நினைத்தான். விட்டால் நல்லது, சுடுதண்ணீராவது ஒழுங்காகக் கிடைக்கும் என்றும் நினைத்தான். இதை அவனே பிறகு வெட்கத்தோடு ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அவள் விடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவன் கொட்டகைப் பக்கம் போனபோது, தராசுக்குப் பக்கத்தில் நின்று, தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றிப் போகும் லோரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க பாருங்க. இன்னிக்கு இதுவரைக்கும் நானூறு கிலோ வந்திருக்கு. லோரி இன்னும் நிக்கிது. இன்னும் ரெண்டு சாக்கு வந்தா ஏத்தலாம். இது ஹேவ். நேத்து அறுநூறு வந்துச்சு. லோரி போயிருச்சு. எல வாடி, உருண்டு, காஞ்சு, பொட்டலமே போட்டிருப்பாங்க. இனிமே ஒரு பிடி சேக்க முடியாது. அது டிட்."

"சரி."

"நேத்துன்னு சொன்னாலே லோரி போயிருச்சு. தேதி சொன்னாலே லோரி போயிருச்சு. எப்பன்னு சொல்லாம, ஆகியிருக்குன்னு மட்டும் சொன்னா ஹேவ். எப்பன்னு யாராச்சும் கேட்டுட்டா டிட்டுக்கு வந்துறணும். இவ்ளோதான்லா."

அடுத்த சனிக்கிழமை நீலாவதி டீச்சர் மாடிப்படிவரை இறங்கி வந்து தங்கராஜுவிடம், "அண்ணே, இந்த லோரி விஷயத்த நான் அடுத்த வகுப்புக்கும் சொல்லிக் குடுக்கலாமான்னு அக்காகிட்ட கேட்டிருக்கேன்" என்றார். அன்றைக்குத் தங்கராஜு கடையில் இருந்த எல்லோரிடமும் மேலே படிப்பவள் தன் பெண்சாதி என்று சொன்னான். டாக்சிக்காரரிடம் இரண்டு தடவை சொன்னான்.

அவனுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது. தினமும் சாப்பாட்டு மேசையில் அவள் கேள்வி கேட்டுப் பழகுவாள், இவன் பதில் சொல்ல வேண்டும். 'யெஸ், ஐ ஹேவ்' என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம். காரணம் இருக்கிறது. தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக துரைக்குச் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: ஆச்சுங்க. உரம் போட்டாச்சா, ஆச்சுங்க. வாய்க்கால் வெட்டியாச்சா, ஆச்சுங்க. யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதெல்லாம் அதில் வராது. வராமல் இருப்பதுதான் சௌகரியம். தேதி சொன்னவன் மாட்டிக்கொள்வான், பெயர் சொன்னவன் பகையாவான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆச்சுங்கவுக்கு இங்கிலீஷில் ஒரு சட்டை தைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது அவனுக்கு யெஸ் ஐ ஹேவ்.

ராதாகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். வேலைக்குக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். சரோஜா ஒருத்தி, ஈப்போவிலிருந்து டிப்ளமாவோடு வந்த தினேஸ்வரன் இன்னொருவன். மேனேஜர் தர்மா கோலாலம்பூர்க்காரர், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வயது சின்னதானாலும் லயத்துக்கு அவர் துரைதான். இரண்டு பேரையும் கூப்பிட்டு அவர் சொன்னது சுருக்கம். "ரெண்டாம் டிவிஷன்ல இந்த மாசம் ஒன்னாந் தேதியிலேருந்து என்ன வேல நடந்திருக்கு, என்ன பாக்கி இருக்கு, இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழம காலையில பெரட்டுக்கு முன்னாடி என் மேசையில இருக்கணும்."

ஆள் எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு ஆறரைக்கு. சரோஜாவுக்கு இருந்தது மூன்றே நாள். நிறுவை முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு கங்காணி கங்காணியாகப் போனாள். செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து எப்போது முடிந்தது என்று கேட்டால், "ஆச்சு சரோஜா" என்றார்கள். எப்போது என்றால், "அதான் ஆச்சுங்கிறேன்ல" என்றார்கள். கொழுந்துக் கங்காணி முனியாண்டி, "நீ என்ன போலீஸா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, போன வார மழை நாட்களையும் எந்த நம்பரிலிருந்து எத்தனை சாக்கு வந்தது என்பதையும் தன் நிறுவைப் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லி, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் தேதியைப் பிடுங்கினாள். பல் பிடுங்குகிற டாக்டர்கூட அவ்வளவு பொறுமையாகப் பிடுங்கியிருக்க மாட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் எஞ்சியது மருந்துக் கணக்கு மட்டும். அது வீட்டிலேயே இருக்கிறதே என்று கடைசிக்கு வைத்திருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு நோட்டோடு எதிரே உட்கார்ந்தாள்.

"ஹேவ் யு ஸ்ப்ரேட் நம்பர் செவன்டீன்?"

"யெஸ், ஐ ஹேவ்," என்றான் தங்கராஜு, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

"வென் டிட் யு ஸ்ப்ரே இட்?"

"ஃபோர்த்."

பென்சில் நகரவில்லை. அவள் நோட்டைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அடுத்த கேள்வி தமிழில் வந்தது.

"நாலாந் தேதி முழுசுமா?"

"முழுசும்தான். போர்டுல போட்டிருக்குல்ல."

"நாலாந் தேதி மத்தியானம் ஒரு மணிக்கு மழ பிடிச்சிச்சு. ஒரு மணிக்கு மேல வந்த சாக்கு அத்தனைக்கும் தண்ணிக் கழிவு போட்டிருக்கேன். அந்த மழையில பதினேழ எப்படிங்க முடிச்சீங்க?"

தங்கராஜு பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான். கேமரன் மலையில் மழை மத்தியானம் வரும். மருந்தடிக்கிறவன் மலையின் மேல்பாதியை முடித்திருப்பான், கீழ்ப்பாதி கிடக்கும். மிச்சத்தை இன்னொரு நாள் அடிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு நம்பரின் முனையிலும் நட்டிருக்கும் மருந்துப் போர்டில் எழுதும் தேதி தொடங்கிய தேதிதான். ஆபீஸிலும் தொடங்கிய அன்றே ஆச்சுங்க என்று சொல்லியாகிவிடும். அவனுக்கு முன்னால் இருந்த கங்காணியும் அப்படித்தான் செய்தார், மற்ற டிவிஷன்களிலும் அப்படித்தான். மறுநாளே மிச்சத்தை முடித்துவிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தத் தடவை அடுத்தடுத்து மழை, பம்பு ரிப்பேர், வேறு நம்பரில் அவசர வேலை என்று இழுத்துப் போய்விட்டது.

"கீழ்ப்பாதிய எப்ப அடிச்சீங்க?"

"பதினொன்னு."

இரண்டு பேருக்கும் கணக்கு தெரியும். மருந்தடித்து பதினாலு நாள் கொழுந்தில் கை வைக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். போர்டுப்படி தடை நாளையோடு தீர்கிறது. உண்மைப்படி கீழ்ப்பாதிக்கு இருபத்தைந்துவரை இருக்கிறது. பதினேழாம் நம்பரில் சனிக்கிழமை, இருபதாம் தேதி, கொழுந்து வெட்டுவதாக ஆபீஸ் சுவரில் ஒட்டியாகிவிட்டது. மருந்து காயாத கொழுந்து அவள் தராசு வழியாகத்தான் தொழிற்சாலைக்குப் போகும்.

"மழையில கழுவிக்கிட்டுப் போயிருக்கும்லா. ஒன்னும் ஆவாது," என்றான்.

அவள் நோட்டில் பதினொன்று என்று குறித்தாள். குறிக்காமல் இருந்திருந்தால் அவன் அடுத்ததைச் சொல்லியிருக்க மாட்டானோ என்னவோ. இத்தனை மாதம் மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையெல்லாம் திரட்டி அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"சரோ, நீதான சொன்ன? எப்பன்னு யாரும் கேக்காட்டி ஹேவ் போதும்னு. நம்பர் செவன்டீன் ஹேவ் ஸ்ப்ரேட்னு எழுதிட்டுப் போ. பொய்யா அது? அடிச்சிருக்குதான. தேதி எதுக்கு?"

"ஹேஸ் பீன் ஸ்ப்ரேட்," என்று அவள் தன்னையறியாமல் திருத்தினாள். பிறகு நோட்டை மூடினாள். "நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. நான் படிச்சத விட நல்லா."

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? பத்தொம்பது வருஷம். என்னைக் காட்டிக் குடுத்துட்டுத்தான் நீ கிராணி ஆவணுமா?"

"நான் உங்களக் கேக்கலங்க. பதினேழக் கேட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. அவள் தட்டுகளை எடுத்துக் கழுவினாள். கோபமாகச் சத்தம் போட்டிருந்தால் அவனும் சத்தம் போட்டிருப்பான். அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் தங்கராஜு வேலையில் இருந்தானே தவிர வேலை அவனிடம் இல்லை. உண்மையை எழுதினால் தன் பெயர் போகும், புருஷனை மாட்டிவிட்டவள் என்று லயம் அவளைப் பேசும். தேதி இல்லாமல் எழுதினால் வேலை அவளுக்குக் கிடைத்தாலும் கிடைக்கும், மருந்து யாருடைய கிளாஸில் போய்ச் சேருமோ. எப்படிப் பார்த்தாலும் பதினொரு மாதம் அவள் பட்ட பாட்டுக்கு நடுவில் தன் போர்டு ஒன்று நின்றுகொண்டிருந்தது. மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும் என்று சாயங்காலம் முனியாண்டியின் வீட்டுக்குப் போனான்.

"முனியாண்டி, சனிக்கிழம பதினேழுல கீழ்ப்பாதிய மட்டும் விட்டுடேன். மேல வெட்டிட்டு வேற நம்பருக்குப் போயிடு."

"ஏன்?"

"சும்மாதான். கீழ கொழுந்து இன்னும் சின்னது."

"பிளான்ல முழுசும் போட்டிருக்கு. விட்டா ஆபீஸ்ல என்னத்தான் கேப்பாங்க. ஆச்சுன்னு நீ சொல்லிட்டல்ல, அப்புறம் என்ன? சும்மா சூசா பண்ணாத."

கெஞ்சிப் பார்த்தான். விஷயத்தைச் சொல்லாமல் எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சினான். முனியாண்டி மசியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சரோஜா அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தாள். மேசையில் நோட்டு இல்லை, பென்சில் இல்லை. முகத்தில் நேற்றைய பாரமும் இல்லை. சாதாரணமாகச் சாப்பாடு போட்டாள். நாளைக்குக் குளிர் அதிகமாக இருக்கும், தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுதிவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. இவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள் என்றால் தான் சொன்ன மாதிரித்தான் எழுதியிருக்கிறாள் என்றும் புரிந்தது.

அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நெஞ்சுக்குள் வந்ததோ வேறு. சிவப்பு மை விழுந்த பக்கங்களை அடுக்கி வைத்து மறுபடி மறுபடி எழுதியவள். ஒரு ஹேவ் தப்பாக விழுந்தால் பாதிச் சோற்றில் எழுந்து போய்த் திருத்தியவள். ஈரச் சாக்கில் ஒரு பிடி கூட்டவோ குறைக்கவோ மனசு வராதவள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் முதன்முதலாக எழுதும் ரிப்போர்ட்டில் இவனுக்காக ஒரு கோணல் வாக்கியம் எழுதிவிட்டாள். இலக்கணத்தில் யாரும் குறை சொல்ல முடியாத கோணல். தன்னை யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பெரட்டு மைதானத்தில் பனி கால்வரை இறங்கியிருந்தது. கங்காணிகள் முன்வரிசையில், ஆட்கள் பின்னால். தர்மா பலகை மேல் ஏறி நின்று, வழக்கமாக முதலில் கேட்கும் கவ்வாத்தை விட்டுவிட்டு நேராக இவனைப் பார்த்தார்.

"தங்கராஜு, பதினேழு சுடா?"

தங்கராஜு முன்னால் வந்தான். வழியெல்லாம் யோசித்து ஒன்றைத் தீர்மானித்திருந்தான். தமிழில் ஆரம்பித்தால் பழகிய வாய் ஆச்சுங்க என்று முடித்துவிடும். மலாயில் ஆரம்பித்தால் சுடா என்று முடித்துவிடும். அந்த இரண்டிலும் அவன் பத்தொன்பது வருஷமாகத் தப்பித்துப் பழகியவன். தப்பிக்கத் தெரியாத ஒரே பாஷை அவனுக்கு இங்கிலீஷ்தான்.

"நோ, சார். டாப், ஐ ஸ்ப்ரேட் ஃபோர்த். ரெயின் கேம். ஐ ஸ்டாப்ட். பாட்டம், ஐ ஸ்ப்ரேட் லெவன்த்." போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இன்னும் தப்பாகத்தான் நிற்கிறது, இன்னும் மாற்றலாம். லோரி போகவில்லை. "போர்ட், ஐ ஹேவ் நாட் சேஞ்ச்ட்."

டிட் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது, ஹேவ் எங்கே வர வேண்டுமோ அங்கே வந்தது. அதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் அந்த மைதானத்தில் மிகக் குறைவு. ஆனால் தங்கராஜு என்ன சொன்னான் என்பது கங்காணிகள் எல்லோருக்கும் புரிந்தது. கங்காணிகளில் ஒருவர், "இவன் எல்லாருக்கும் சேத்து வச்சிட்டான்" என்று முணுமுணுத்தது வரிசை முழுக்கக் கேட்டது.

தர்மா முன்வரிசை முழுவதையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "முனியாண்டி, நாளைக்குப் பதினேழு வேணாம். இருபத்தி ரெண்டாம் நம்பருக்குப் போங்க" என்றார். "வேற யாருக்காவது போர்டு மாத்த வேண்டியிருக்கா?" என்று கேட்டார். இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். மூன்றாமவர், முணுமுணுத்தவரேதான், மெதுவாகக் கையைத் தூக்கினார்.

பெரட்டு முடிந்து தங்கராஜு ஆபீஸுக்குப் போனான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வார்னிங் லெட்டர் வரும், தெரியும்ல?"

"தெரியுங்க துரை. குடுங்க." ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டு மேலும் சொன்னான். "ஒன்னு மட்டும் கேட்டுக்கிறேன். சரோஜா ரிப்போட்டுல அது வேற மாதிரி இருக்கும். அவளுக்கு ஒன்னும் தெரியாதுங்க. நான்தான் அவகிட்ட மறச்சேன். அத அவ மேல வச்சிறாதீங்க."

"தெரியாதா?" தர்மாவுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. மேசை மேல் இரண்டு ரிப்போர்ட் கிடந்தன. ஒன்றைத் தட்டினார். "இது தினேஸ்வரன் எழுதினது. இங்கிலீஷ்ல ஒரு தப்பு இல்ல. பதினேழுக்கு நாலாந் தேதின்னு ஃபைலப் பாத்து எழுதியிருக்கான்." இன்னொன்றைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். "இது உங்க மனைவி எழுதினது. இதுல மூணு தப்பு இருக்கு. படிங்க."

சுத்தமான, பெரிய எழுத்து. பதினேழு மூன்றாவது பக்கத்தில் இருந்தது. தங்கராஜு விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தான். மருந்துக் கங்காணி தங்கராஜு நாலாந் தேதி மேல்பாதிக்கு மருந்தடித்தார். மழை வந்தது. பதினோராந் தேதி கீழ்ப்பாதியை முடித்தார். போர்டு இன்னும் மாற்றப்படவில்லை. சனிக்கிழமை இங்கே கொழுந்து வெட்டக் கூடாது. எல்லாம் டிட், எல்லாம் தேதி. ஹேவ் வந்தது ஒரே ஒரு இடத்தில், போர்டுக்கு. ஒளிப்பதற்குப் போட்ட ஹேவ் ஒன்றுகூட இல்லை.

அவன் எதிர்பார்த்த கோணல் அங்கே இல்லை. அவனுக்கு முகம் சூடேறியது. இவளைப் போய் அப்படி நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. கூடவே கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

"நேத்தே படிச்சிட்டேன்," என்றார் தர்மா. "உடனே ஆள் அனுப்பி உங்களக் கூப்பிட்டிருப்பேன். கடைசி வரியப் பாத்துட்டுத்தான் விட்டுட்டேன். அது உண்மையா பொய்யான்னு இன்னிக்குப் பெரட்டுல தெரிஞ்சிரும்னு காத்துக்கிட்டிருந்தேன். திங்கக்கிழம ஏழரைக்கு அவங்கள ஆபீஸ்ல இருக்கச் சொல்லுங்க. ராதாகிருஷ்ணன் நாற்காலி கொஞ்சம் ஆடுது, அத நான் மாத்திடறேன்."

தங்கராஜு கடைசி வரிக்கு விரலை நகர்த்தினான். அது டிட்டும் இல்லை, ஹேவும் இல்லை. அவன் மேசையில் உட்கார்ந்து கேட்ட பாடம் எதிலும் வராத வரி. 'ஹி வில் டெல் யு திஸ் ஹிம்செல்ஃப் டுமாரோ மார்னிங்.' நாளைக் காலையில் அவரே இதை உங்களிடம் சொல்வார்.

தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு சத்தியம் வாங்காமல், பதினொரு மாதப் படிப்பையும் அந்த நாற்காலியையும் அவள் இந்த ஒரு வரியின் மேல் வைத்திருக்கிறாள். தங்கராஜுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துரை பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்தான். குனிந்த கண்ணில் பட்டது, வரிக்குக் கீழே ஆபீஸில் ரிப்போர்ட்டை வாங்கியவர் குத்தியிருந்த முத்திரை. வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. அந்த ஐந்து மணிக்கு அவன் முனியாண்டியின் வாசலில் நின்று, யாருக்கும் தெரியாமல் கீழ்ப்பாதியை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.